விஎம்முக்குக் கொடுத்த கார்டு ஏன் திரும்பி வருவதில்லை?

வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ ஒரு கல்யாண வீடியோ எடிட்டிங் ஸ்டுடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். ரேம் தாராளமாகப் போட்ட ஒரே மெஷின். அதில் பிராக்ஸ்மாக்ஸ் ஓடுகிறது; லினக்ஸ் மேல் நின்று, ஒரே மெஷினுக்குள் பல விர்ச்சுவல் மெஷின்களை (விஎம்) தனித்தனிக் கணினி போல ஓட்டும் மென்பொருள் அது. ஒரு விஎம்மில் விண்டோஸ்; கிராஃபிக்ஸ் கார்டை முழுதாக அதற்கே ஒப்படைத்து, அதாவது பாஸ்த்ரூ செய்து, வைத்திருக்கிறார்கள். இன்னொரு விஎம் ஃபைல் சர்வர். மூன்றாவதில் பில் போடும் சாஃப்ட்வேர். ஆவணி முகூர்த்தம், வேலை குவிந்து கிடக்கிறது. சாயங்காலம் விண்டோஸை முறையாக ஷட்டவுன் செய்துவிட்டுப் போனார்கள். காலையில் அந்த விஎம்மை ஆன் செய்தால் திரை கருப்பு. மற்ற இரண்டு விஎம்மும் எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகின்றன. "அண்ணாச்சி, கார்டு போயிட்டு போல" என்று போன் வரும். "மெஷினையே ஒருதரம் அணைச்சுப் போடுங்க, சரியாயிரும்" என்று பதில் போகும். சரியாகியும் விடும். மறுநாள் காலையிலும் அதே கருப்புத் திரை.

கார்டு போகவில்லை. அது ரீசெட் ஆகவில்லை, அதாவது பிறந்த நிலைக்குத் திரும்பவில்லை, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ளாமல் நல்ல கார்டைக் குப்பை விலைக்குத் தள்ளிவிட்டு, அதே குறையுள்ள இன்னொன்றை வாங்குபவர்கள் உண்டு. அதனால்தான் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தக் காலை நேரத்தில் ஹோஸ்டின், அதாவது விஎம்களைத் தாங்கும் மெஷினின், பதிவை (லாக்) திறந்தால், 'தெரியாத பிசிஐ ஹெடர் வகை 127' என்ற பொருளில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும். இந்த 127 எங்கிருந்து வந்தது? பிசிஐ என்பது கார்டுகளை மதர்போர்டோடு இணைக்கும் முறை. ஒவ்வொரு பிசிஐ கருவிக்கும் கான்ஃபிக் பகுதி என்று ஒன்று உண்டு. அதன் முதல் 64 பைட்டில்தான் கருவி தன்னை யார் என்று சொல்லிக்கொள்ளும். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 14ஆவது பைட் ஹெடர் வகை. சாதாரண கார்டில் அது 0. ஒரே கார்டில் பல ஃபங்ஷன் (தனிக் கருவி போல நடக்கும் பகுதி) இருந்தால் மேல் பிட் மட்டும் ஏறி 128 ஆகும். கருவி பதிலே சொல்லாதபோது எல்லா பிட்டும் 1 என்றே படிக்கக் கிடைக்கும், அதாவது 255. மேல் பிட்டைக் கழித்தால் மிஞ்சுவது 127. அப்படி ஒரு ஹெடர் வகையே கிடையாது. கதவைத் தட்டினோம், உள்ளிருந்து சத்தம் இல்லை என்பதற்கான எண் அது. அதே நேரம், பிசிஐ கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால், அந்தக் கார்டின் ரிவிஷன் எண் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்எஃப்' என்று நிற்கும். காரணம் அதேதான்.

தனி மெஷினில் இந்தச் சிக்கல் ஏன் வருவதில்லை? பவர் பட்டனை அழுத்தியதும் கார்டுக்கு மின்சாரம் புதிதாக வருகிறது, ஸ்லாட்டின் ரீசெட் கம்பி ஒருமுறை இழுத்து விடப்படுகிறது, கார்டு பிறந்த நிலைக்குப் போகிறது. அதற்குப் பிறகுதான் டிரைவர் வந்து அதைத் தொடும். டிரைவர் எழுதியவர் இந்த வரிசையை நம்பித்தான் எழுதியிருக்கிறார். விஎம் அணையும்போது கார்டுக்கு மின்சாரம் போவதே இல்லை. விண்டோஸ் போய்விட்டது; கார்டு மட்டும் அது விட்டுப்போன நிலையிலேயே நிற்கிறது. அடுத்து வரும் விண்டோஸ், பிறந்த நிலையில் இருக்கும் என்று நம்பி கார்டுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரை ஏற்றப் போகிறது. ஏற்கெனவே பாதி ஓடிக்கொண்டிருக்கும் சிப் அதை ஏற்க மறுக்கிறது. ஆகவே பவர் பட்டன் செய்த வேலையை மின்சாரத்தை நிறுத்தாமல் செய்துகாட்ட வேண்டிய பொறுப்பு ஹோஸ்டின் தலையில் விழுகிறது.

லினக்ஸில் இதைப் பார்த்துக்கொள்வது கெர்னல் என்ற மையப் பகுதியில் இருக்கும் விஎஃப்ஐஓ. 2012இல் 3.6 கெர்னலோடு வந்தது. விஎம் கார்டைக் கையில் எடுக்கும்போது ஒருமுறை, விடும்போது ஒருமுறை அது ரீசெட் செய்யப் பார்க்கும். கெஸ்ட், அதாவது விஎம்முக்குள் இருக்கும் விண்டோஸ், தானாக ரீஸ்டார்ட் ஆனாலும், விஎம்மை ஓட்டும் மென்பொருளான கியூஇஎம்யூ ஒரு ரீசெட் கேட்கும். கார்டு வேலை செய்ய வேண்டும் என்பது மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. ஒரு விஎம்மின் படமும் தரவும் கார்டின் நினைவகத்தில் கிடக்க, அதை அப்படியே அடுத்த விஎம்மிடம் தூக்கிக் கொடுப்பது வாடகை வீட்டைப் பழைய குடித்தனக்காரரின் பெட்டி படுக்கையோடு புதியவருக்குக் கொடுப்பது போன்றது. இரண்டு விஎம்மும் ஒரே ஆளுடையது என்றால் பரவாயில்லை. கல்லூரி லேபில் மாணவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் கார்டு என்றால் பரவாயில்லை என்று விட முடியாது.

மடையா, தலைமதகா?

ரீசெட் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அது ஒரே வேலை அல்ல. நம் ஊர்க்காரருக்கு இதை வாய்க்காலை வைத்துச் சொல்வது எளிது. ஒரு வயலுக்குத் தண்ணீர் வேண்டாம் என்றால் அந்த வயலின் மடையை அடைத்தால் போதும். பக்கத்து வயலுக்குப் பாய்ச்சல் நிற்காது. அதற்குப் பதில் சுத்தமல்லி அணைக்கட்டில் திருநெல்வேலிக் கால்வாயின் தலைமதகை இறக்கினால் அந்த ஒரு வயலும் காயும், கால்வாயை நம்பியிருக்கும் மற்ற எல்லா வயலும் காயும். எங்கே அடைக்கிறோம், அதற்குக் கீழே யார் யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பிசிஐ எக்ஸ்பிரஸிலும் கேள்வி இதுவே.

மடையை அடைப்பதற்கு ஈடானது ஃபங்ஷன் லெவல் ரீசெட், சுருக்கமாக எஃப்எல்ஆர். கார்டில் உள்ள ஒரு ஃபங்ஷனை மட்டும் பிறந்த நிலைக்குக் கொண்டுபோகும்; பக்கத்து ஃபங்ஷன் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இது இருக்கிறதா என்பதைக் கார்டே தன் டிவைஸ் கேப்பபிலிட்டி பதிவேட்டின் (ரெஜிஸ்டர்) 28ஆவது பிட்டில் சொல்லும். இருந்தால், டிவைஸ் கன்ட்ரோல் பதிவேட்டின் 15ஆவது பிட்டை ஏற்றிவிடுவதுதான் ரீசெட். 100 மில்லி செகண்டுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. கெர்னல் முதலில் கார்டின் பாதியில் நிற்கும் பரிமாற்றங்கள் முடியக் காத்திருக்கும், பிறகு பிட்டை ஏற்றும், 100 மில்லி செகண்ட் பொறுக்கும், அப்போதும் கார்டு தயாராகவில்லை என்றால் ஏறக்குறைய ஒரு நிமிடம் வரை கேட்டுக்கொண்டே இருக்கும். பதிவில் 'எஃப்எல்ஆருக்குப் பின் 1023 மில்லி செகண்ட் ஆகியும் தயாரில்லை' என்று தொடங்கி, எண் இரட்டித்து இரட்டித்து 65535இல் 'கைவிடுகிறேன்' என்று முடியும் வரிகளைப் பார்த்திருந்தால், அது இந்தக் காத்திருப்புதான். அந்த ஒரு நிமிடமும் விஎம் உறைந்து நிற்கும். அவசரப்பட்டு அதைக் கொன்றுவிடாதீர்கள். மெதுவாக எழும் கார்டாக இருந்தால் இடையிலேயே தயாராகிவிடும்.

எஃப்எல்ஆர் இல்லாத கார்டுக்கு அடுத்த வழி, தூங்க வைத்து எழுப்புவது. டி3 ஹாட் என்ற உறக்க நிலைக்கு அனுப்பி, டி0 என்ற விழிப்பு நிலைக்கு மீட்டால், சில கருவிகள் உள்நிலையை இழந்து புதிதாக எழும். சில எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டு எழும். எந்த ரகம் என்பதை 'நோ சாஃப்ட் ரீசெட்' என்ற பிட் சொல்கிறது. பெயரே எதிர்மறை. அதனால் எல்எஸ்பிசிஐ வெளியீட்டில் அதன் பக்கத்தில் கழித்தல் குறி இருந்தால் தூங்கி எழுவது ரீசெட் ஆகும் என்று பொருள். கூட்டல் குறி இருந்தால் ஆகாது. இதைத் தலைகீழாகப் படிப்பவர்கள் அதிகம்.

மூன்றாவது தலைமதகு: பஸ் ரீசெட், அதாவது கருவிகள் தொங்கும் இணைப்பு வழியையே ரீசெட் செய்வது. கார்டுக்கு மேலே இருந்து அதை மெஷினோடு இணைக்கும் பிரிட்ஜின் கன்ட்ரோல் பதிவேட்டில் 6ஆவது பிட்டை ஏற்றி இறக்கினால், அந்தப் பிரிட்ஜுக்குக் கீழே உள்ள அத்தனை கருவிகளும் சேர்ந்து ரீசெட் ஆகும். சக்திவாய்ந்த வழி. ஆனால் கீழே இன்னொரு கருவி இருந்தால், ஒரு ஃபங்ஷனுக்காகக் கெர்னல் தானாக இதைச் செய்யாது. செய்யாமல் இருப்பதே சரி.

கிராஃபிக்ஸ் கார்டு விஷயத்தில் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். கார்டு ஒன்றுதான், அதற்குள் ஃபங்ஷன் குறைந்தது இரண்டு. முகவரியின் கடைசியில் புள்ளி பூஜ்யம் என்றால் படம், புள்ளி ஒன்று என்றால் எச்டிஎம்ஐ சத்தம். சில மாடல்களில் யுஎஸ்பி சி துறைக்காக (போர்ட்) இன்னும் இரண்டு. 'சத்தம் எனக்கு வேண்டாம்' என்று படத்தை மட்டும் விஎம்முக்குக் கொடுத்தால், பஸ் ரீசெட்டுக்கு வழி அடைபடுகிறது. கீழே இருக்கும் ஆடியோ ஃபங்ஷன் வேறு கையில் இருக்கிறதே. எல்லா ஃபங்ஷனையும் ஒரே விஎம்மிடம் கொடுத்துவிட்டால், மொத்தமும் தன் கையில்தான் என்று கியூஇஎம்யூ உரிமையோடு கேட்கும். விஎஃப்ஐஓ முழுக் கார்டையும் சேர்த்து, பஸ் வழியாக, ஹாட் ரீசெட் செய்யும். பிராக்ஸ்மாக்ஸில் 'ஆல் ஃபங்ஷன்ஸ்' என்ற கட்டத்தில் டிக் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த ஒரு டிக்கில் தீர்ந்துபோகிற காலைச் சிக்கல்கள் உண்டு.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். ஐஓஎம்எம்யூ குரூப் தனியாகப் பிரிந்துவிட்டால் ரீசெட்டும் தனியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். குரூப் என்பது எந்தக் கருவி யாருடைய நினைவகத்தைத் தொடலாம் என்பதற்கான வரப்பு. ரீசெட் எதுவரை பாயும் என்பது பஸ்ஸின் அமைப்பைப் பொறுத்தது. ஏசிஎஸ் ஓவர்ரைடு என்ற கெர்னல் திருத்தத்தைப் போட்டுக் குரூப்பைப் பிரித்துக் காட்டினாலும், ஒரே பஸ்ஸில் இருக்கும் இரண்டு ஃபங்ஷனும் பஸ் ரீசெட்டில் சேர்ந்தேதான் விழும்.

கருவி சொல்வதை நம்பலாமா?

முழுதாக நம்ப முடியாது. இந்த விஷயத்தில் என்னை அதிகம் சங்கடப்படுத்துவது இதுதான். ரீசெட் உண்டு என்று பிட்டை ஏற்றி வைத்துவிட்டு, கேட்டால் செய்யாத கருவிகள் கெர்னலில் ஒரு பட்டியலாகவே இருக்கின்றன. ஏஎம்டியின் ஓலேண்ட் வகைச் சிப், தூங்கி எழுந்தால் ரீசெட் ஆவேன் என்று சொல்லும். தூங்க வைத்து எழுப்பினால், பழைய படம் நினைவகத்தில் அப்படியே இருக்கும். மானிட்டரோடு இருந்த ஒத்திசைவு கூட அறுபடாது. ஆகவே அந்த நிறுவனத்தின் படக் கார்டுகளுக்கு இந்த வழியே வேண்டாம் என்று கெர்னலில் எழுதி வைத்திருக்கிறார்கள். ரைசன் 3000 தலைமுறையின் மட்டிஸ் யுஎஸ்பி கன்ட்ரோலரும் ஆடியோவும் எஃப்எல்ஆர் உண்டு என்று சொல்லும், செய்தால் தொங்கிவிடும். இன்டெலின் 82579 நெட்வொர்க் சிப்பும் அதே பட்டியலில் இருக்கிறது. ஏத்ரோஸின் ஏஆர்93 வகை வைஃபை கார்டுகள் சிலவற்றுக்குப் பஸ் ரீசெட் ஆகாது; அடித்தால் அதன் கான்ஃபிக் பகுதியை மறுபடி எட்டவே முடியாது, எட்டப் பார்த்தால் ஹோஸ்டே உறையலாம்.

எஸ்எஸ்டியிலும் உண்டு. சாம்சங்கின் எஸ்எம்961 வகைக்கு எஃப்எல்ஆருக்கு முன்பே எஸ்எஸ்டியை இயக்கும் என்விஎம்இ கன்ட்ரோலரை அணைத்துவிட வேண்டும். இன்டெல் பி3700 வகைக்கு எஃப்எல்ஆர் முடிந்ததும் கூடுதலாக 250 மில்லி செகண்ட் பொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் டிரைவர் வந்து தட்டும்போது அது எழுந்திருக்காது. இவை போன்றவற்றுக்குக் கெர்னலுக்குள்ளேயே தனி வைத்தியம் எழுதப்பட்டிருக்கிறது. பழைய கெர்னலை வைத்துக்கொண்டு பாஸ்த்ரூ செய்பவர் இந்த வைத்தியங்களை எல்லாம் இழக்கிறார். ஹோஸ்டைப் புதிதாக வைத்திருக்கச் சொல்ல இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

ஏஎம்டி ரீசெட் பக் என்று பரவலாகப் பேசப்படுவது இந்தக் குடும்பத்தில் பெரியண்ணன். போலாரிஸ், வேகா, முதல் நாவி ஆகிய ரேடியான் கார்டுத் தலைமுறைகளில் எஃப்எல்ஆர் இல்லை. பஸ் ரீசெட் அடித்தாலும் உள்ளே இருக்கும் சிறு கன்ட்ரோலர்கள் பழைய நிலையிலேயே தொடரும். மெஷின் ஆன் ஆனபின் முதல் விஎம் ஓட்டம் நன்றாக இருக்கும், இரண்டாவது ஓட்டத்தில் விழும். ஸ்டுடியோவில் மறுநாள் காலை மட்டும் திரை கருத்தது இதனால்தான். இதற்கு ஜெஃப்ரி மெக்ரேயும் ஆடம் மேட்சனும் 2020இல் 'வெண்டர் ரீசெட்' என்ற கெர்னல் மாட்யூலை எழுதினார்கள். கார்டின் உள் கன்ட்ரோலருக்கே நேரடியாகக் கட்டளை அனுப்பி அதை ரீசெட் செய்கிறது. எல்லா மாடலிலும் நூறு சதம் என்று சொல்ல முடியாது. போலாரிஸ், வேகா வைத்திருப்பவர்களுக்குப் பெரும் உதவி. ஒன்றை மறக்கக் கூடாது: கெர்னல் புதுப்பித்தால் இந்த மாட்யூல் மறுபடி கம்பைல் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் பழைய நோய் திரும்பிவிடும். அப்டேட் செய்த அன்றே மாட்யூல் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த தலைமுறையான ரேடியான் 6000 வரிசையில் இந்தக் குறை பெரும்பாலும் போய்விட்டது.

கையோடு பார்க்க வேண்டியவை

முதலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை ரூட்டாக, இரண்டு 'வி' சேர்த்து, குறிப்பிட்ட கார்டின் முகவரியோடு கொடுங்கள். டிவைஸ் கேப்பபிலிட்டி வரியில் 'எஃப்எல் ரீசெட்' பக்கத்தில் கூட்டலா கழித்தலா, பவர் மேனேஜ்மென்ட் வரியில் 'நோ சாஃப்ட் ரீசெட்' பக்கத்தில் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, கருவிகளைக் கெர்னல் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் அந்தக் கார்டின் அடைவுக்குள் போங்கள். அங்கே 'ரீசெட் மெத்தட்' என்ற கோப்பு இருக்கும். 2021 அக்டோபரில் வந்த 5.15 கெர்னலிலிருந்து உண்டு. அதைப் படித்தால் இந்தக் கார்டுக்குக் கெர்னல் எந்தெந்த வழியை, எந்த வரிசையில் முயலும் என்று தெரியும். தனி வைத்தியம், ஏசிபிஐ (பயாஸ் தரும் வழி), எஃப்எல்ஆர், பழைய பிசிஐயின் எஃப்எல்ஆர், உறக்க வழி, பஸ் என்பது வழக்கமான வரிசை. அதில் ஒரு வழி தொல்லை கொடுக்கிறது என்று தெரிந்தால், நீங்கள் விரும்பும் வழியின் பெயரை மட்டும் அந்தக் கோப்பில் எழுதலாம். வெண்டர் ரீசெட் மாட்யூலும் 5.15க்குப் பிறகு தானாக வேலை செய்யாது. இந்தக் கோப்பில் 'டிவைஸ் ஸ்பெசிஃபிக்' என்று எழுதினால்தான் கெர்னல் அதைக் கூப்பிடும். இந்த எழுத்து ஹோஸ்ட் ரீபூட் ஆனால் போய்விடும். ஆகவே கருவி தோன்றும்போது ஓடும் ஒரு யூடெவ் விதியிலோ, விஎம் தொடங்கும் முன் ஓடும் ஹூக் ஸ்கிரிப்டிலோ போட்டு வையுங்கள்.

இரண்டு ஃபங்ஷன் உள்ள கார்டில் 'ரீசெட்' என்ற கோப்பே இல்லாமல் இருக்கலாம். பயப்பட வேண்டாம். தனியாக ஒரு ஃபங்ஷனை ரீசெட் செய்ய வழி இல்லை என்றுதான் அதற்குப் பொருள். மேலே சொன்ன முழுக் கார்டு ஹாட் ரீசெட் வேறு பாதையில் நடக்கும்.

ரீசெட் நோய் போலவே தோன்றும் வேறு நோய்களும் உண்டு. பதிவில் 'பார் (கார்டின் நினைவகத்துக்கான முகவரிப் பகுதி) ஒதுக்க முடியவில்லை' என்ற பொருளில் வரி ஓடினால், ஹோஸ்டின் பூட் திரை அந்தக் கார்டின் நினைவகத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. பயாஸில் முதன்மைத் திரையை மதர்போர்டின் உள்கிராஃபிக்ஸுக்கு மாற்றுவதுதான் தீர்வு. 'டி3யில் சிக்கிக்கொண்டது' என்று வந்தால், சும்மா இருக்கும் கார்டை விஎஃப்ஐஓ உறங்க வைத்திருக்கலாம், அது எழ மறுத்திருக்கலாம். விஎஃப்ஐஓ பிசிஐ மாட்யூலுக்கு 'டிசேபிள் ஐடில் டி3' என்ற விருப்பத்தை 1 என்று கொடுத்துப் பாருங்கள். ஆனால் எல்லா பிட்டும் 1 ஆகி இறந்துபோன கார்டுக்கும் இதே வரி வரும். அதற்கு இந்த விருப்பம் உதவாது.

கார்டு ஏற்கெனவே தொங்கிவிட்டது, ஃபைல் சர்வரை நிறுத்த மனமில்லை என்றால்? விஎம்மை நிறுத்துங்கள். கார்டின் எல்லா ஃபங்ஷனுக்கும் அதனதன் அடைவில் உள்ள 'ரிமூவ்' கோப்பில் 1 எழுதுங்கள். பிறகு பிசிஐ அடைவின் 'ரீஸ்கேன்' கோப்பில் 1 எழுதுங்கள். சில நேரம் இதுவே போதும். போதாவிட்டால் ரிமூவ் செய்தபின் ஹோஸ்டை ஐந்து செகண்டுக்கு உறங்க வைத்து எழுப்பும் வழி உண்டு. ஆர்டிசிவேக் கட்டளை இதற்கானது. எஸ்3 எனப்படும் இந்த உறக்கத்தில் ஸ்லாட்டின் முதன்மை மின்சாரம் நிஜமாகவே நின்று வருவதால், எந்த ரீசெட்டுக்கும் மசியாத கார்டும் எழும். மற்ற விஎம்கள் அந்தச் சில செகண்ட் உறைந்து தொடரும். எஸ்3 இல்லாத சர்வர் போர்டுகளில் இது நடக்காது.

சாதாரண ரீபூட்டுக்கும் முழுதாக அணைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ரீபூட்டில் ரீசெட் கம்பி இழுபடும், மின்சாரம் நிற்காது. ஷட்டவுன் செய்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸின் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை ஓடிக்கொண்டிருக்கும், ஸ்லாட்டில் 3.3 வோல்ட் துணை மின்சாரமும் இருக்கலாம். யுபிஎஸ்ஸில் நிற்கும் மெஷினுக்கு இது மாதக்கணக்கில் அறுபடாது. மாதாந்திர மின்பராமரிப்பு நாளன்று காலையிலிருந்து கரண்ட் இல்லை, யுபிஎஸ்ஸும் தீர்ந்தது, சாயங்காலம் ஆன் செய்தால் நெடுநாள் தொல்லை கொடுத்த கார்டு சரியாகிவிட்டது என்று சொல்வார்கள். நடந்தது இதுதான். அதற்குப் பராமரிப்பு நாள் வரை காத்திருக்க வேண்டாம். ஷட்டவுன் செய்து, பின்பக்கச் சுவிட்சை அணைத்து, பவர் பட்டனைச் சில செகண்ட் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, அரை நிமிடம் கழித்துப் போடுங்கள்.

யுஎஸ்பி

ஆடிட்டர் ஆபீஸ்களில் டிஜிட்டல் கையொப்ப டோக்கனை விண்டோஸ் விஎம்முக்குக் கொடுத்திருப்பார்கள். யுஎஸ்பியில் ரீசெட் எளிது: ஹப் அந்தத் துறையில் குறைந்தது 10 மில்லி செகண்ட் ரீசெட் சைகை கொடுக்கும், கருவி முகவரியை இழந்து புதிதாக அறிமுகமாகும். சிக்கல் அந்த அறிமுகத்தில்தான். சில 4ஜி டாங்கிள்கள் முதலில் சிடி டிரைவாகத் தோன்றி, பிறகு மோடமாக மாறும். அடையாள எண்ணும் மாறும். எண்ணைச் சொல்லிப் பாஸ்த்ரூ செய்திருந்தால் விஎம் அதைத் தவறவிடும். அப்படிப்பட்டவற்றுக்கு எண்ணைச் சொல்லாமல் துறையைச் சொல்லிக் கொடுங்கள். தொங்கிய டோக்கனைப் பிடுங்கிச் செருகுவதற்குப் பதில், சிஸ்எஃப்எஸ்ஸில் அதன் 'ஆத்தரைஸ்டு' கோப்பில் 0 எழுதி, பிறகு 1 எழுதலாம்.

கார்டு வாங்கும் முன்பே, கடையில் டெமோ மெஷின் இருந்தால், ஒரு லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து எஃப்எல்ஆர் வரியைப் பார்த்துவிடலாம். ஐந்து நிமிட வேலை. என்விஎம்இ எஸ்எஸ்டிகளில் பெரும்பாலும் கூட்டல் குறி இருக்கும். ஒரே கார்டைப் பல விர்ச்சுவல் ஃபங்ஷனாகப் பிரித்துக் கொடுக்கும் எஸ்ஆர்ஐஓவி உள்ள நெட்வொர்க் கார்டுகளில் ஒவ்வொரு விர்ச்சுவல் ஃபங்ஷனுக்கும் எஃப்எல்ஆர் கட்டாயம். கிராஃபிக்ஸ் கார்டில்தான் கவனம் வேண்டும். பொருத்தி முடித்தபின், வாடிக்கையாளரிடம் கொடுப்பதற்கு முன், விஎம்மைப் பத்து முறை ஆன் செய்து முறையாக அணையுங்கள். கெஸ்டுக்குள்ளிருந்தே மூன்று முறை ரீஸ்டார்ட் கொடுங்கள். கடைசியாக, படம் ரெண்டர் ஆகிக்கொண்டிருக்கும்போதே விஎம்மை வலுக்கட்டாயமாக நிறுத்தி, மறுபடி போடுங்கள். முறையாக அணைத்தால் கெஸ்டின் டிரைவரே கார்டை ஓரளவு அமைதிப்படுத்திவிட்டுப் போகும். பாதியில் கொன்றால் அந்த உதவி கிடையாது, ஹோஸ்டின் ரீசெட் மட்டும்தான். அந்தக் கடைசிச் சோதனை முடிந்ததும் எல்எஸ்பிசிஐயில் ரிவிஷன் எண் சரியாக வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு மெஷினை மூடுங்கள்.